விழாத சட்டவேலி

ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு தாள் ஏறும். எந்தப் பொறுப்பு யாருக்கு என்று அதிபர் தம் கையாலேயே எழுதி ஒட்டுவார். இந்த ஆண்டு என் பெயருக்கு நேரே இருந்தவற்றை நின்று எண்ணினேன். மெய்வல்லுநர், கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், உதைபந்தாட்டம், எல்லே, கிரிக்கெட், கரம், சதுரங்கம். இடம் போதாததால் ஓரத்தில் செங்குத்தாக இன்னொன்றும் எழுதப்பட்டிருந்தது: டெங்கு ஒழிப்பு. அதே தாளைப் படித்துக்கொண்டிருந்த கணித ஆசிரியை, "சேருக்குத் தெரியாத விளையாட்டு எது?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் போனார்.

தெரிந்தது எது என்று கேட்டிருந்தால் பதில் சுலபம். கரப்பந்தாட்டம் மட்டும்தான். காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்து ஓரத்தில் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டிவிட்டால் அந்த விளையாட்டுக்கு வேறு எதுவும் வேண்டாம். மலைச்சரிவில் அதைவிடப் பெரிய சமதரை கிடைப்பதும் அரிது. 1991 இல் அரசாங்கம் அதைத் தேசிய விளையாட்டாக அறிவிப்பதற்கு நெடுநாள் முன்பே இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள் அறிவித்துவிட்டன. அப்பா ஆடினார், சித்தப்பா ஆடினார், நான் பந்தை உயர்த்திக் கொடுப்பவனாக மாகாண அணி வரை போனேன். மற்றவற்றையெல்லாம் புத்தகம் பார்த்தும் வீடியோ பார்த்தும் பிள்ளைகள் மீது பரீட்சித்துப் பார்த்தும் கற்றுக்கொண்டேன். அந்தக் கடைசி வழியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் கொழும்பிலிருந்து பேசினான். உடற்பயிற்சி நிலையமொன்றில் வேலை. குசலம் விசாரித்து முடித்ததும், "சேர், ஒரே ஆள் எல்லா விளையாட்டையும் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கேள்வி மட்டும் போகவில்லை.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மெய்வல்லுநர் என்ற ஒற்றைச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் முட்டைக்கோவாவும் மரக்கறி என்ற பெயரில் ஒரே லொறியில் ஏறுவதுபோல, அந்தச் சொல்லுக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத வித்தைகள் ஏற்றப்பட்டிருக்கின்றன. 100 மீற்றர் ஓடுபவரின் தசை, உள்ளே ஏற்கெனவே சேமித்திருப்பதை எரித்து ஓடுகிறது. அவர் மூச்சு வாங்குவதே பெரும்பாலும் ஓட்டம் முடிந்த பிறகுதான். 1500 மீற்றர் ஓடுபவருக்கு மூச்சே எல்லாம். ஆண்களின் ஈட்டி 800 கிராம், குண்டு 7.26 கிலோ. ஒன்றைச் சாட்டைபோல வீச வேண்டும், மற்றதைக் கழுத்தருகிலிருந்து தள்ள வேண்டும். இரண்டையும் ஒரே மாலையில் ஒரே ஆள், ஒரே விசிலை ஊதிச் சொல்லிக்கொடுக்கிறார்.

அதிலும் ஈட்டி விஷயத்தில் நான் ஒரு கூத்தே நடத்தியிருக்கிறேன். ஓய்வுபெற்றுப் போன ஆசிரியர் ஒருவர் தந்த பழைய புத்தகத்தை வேதம்போல வைத்துக்கொண்டு, ஈட்டி காற்றில் மிதந்து போக வேண்டும், தட்டையாக இறங்க வேண்டும் என்று இரண்டு வருடம் கத்தினேன். 1984 இல் கிழக்கு ஜேர்மனியின் உவே ஹோன் 104.80 மீற்றர் எறிந்துவிட்டார். இப்படியே போனால் மைதானம் போதாது என்ற பயத்தில், 1986 இல் ஆண்களின் ஈட்டியுடைய ஈர்ப்பு மையத்தை 4 சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளினார்கள். அன்றிலிருந்து ஈட்டி மிதப்பதில்லை. மூக்கைக் குத்திக்கொண்டு இறங்குகிறது. என் புத்தகம் அதற்கு முன் அச்சானது. நான் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தது உலகத்தில் இல்லாமல் போன ஓர் ஈட்டியை எறிவதற்கு.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு. அடுத்தது அப்படி அல்ல.

அவளை இங்கே மலர் என்று அழைக்கிறேன். அது அவள் பெயர் இல்லை. பத்தாம் தரம். அம்மா கொழுந்து பறிப்பவர். வேகமாக ஓடுவாள், ஆனால் எங்கள் கல்வி வலயத்தில் அவளைவிட வேகமானவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். வரிசையாக நிறுத்திய சட்டங்களைத் தாண்டி ஓடும் சட்டவேலி ஓட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆள் வருவதில்லை, பெயர் கொடுத்தாலே பாதிப் பதக்கம் என்று கணக்குப் போட்டேன். விளையாட்டு ஆசிரியர்கள் போடும் கணக்குதான் இது, வெளியில் சொல்வதில்லை. நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 1948 இல் லண்டனில் டங்கன் வைட் வாங்கித் தந்ததும் சட்டவேலியில்தான், 400 மீற்றரில், என்று மலருக்குச் சொன்னேன். அவள் கண் விரிந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தோட்டத்து ஆசாரியிடம் சொல்லி டர்பன்டைன் மரத்தில் நான்கு சட்டவேலி செய்வித்தேன். எங்கள் மலையில் காற்று பலமாக அடிக்கும், விழக்கூடாது என்று அடிப்பக்கம் இரண்டு புறமும் கால் வைத்துக் கனமாகச் செய்து தந்தார். உயரத்தைச் சரியாக அளந்தேன். இடைவெளி 8.5 மீற்றர், நாடா பிடித்து அளந்தேன். எங்கள் மைதானத்தில் நேராக ஓடினால் 62 மீற்றர்தான். அதற்குள் நான்கை நிறுத்தினால் ஓடி நிற்க இடம் சரியாக இருந்தது. எல்லாம் அளவுப்படி. மலர் மட்டும் அளவுக்கு வரவில்லை. வேலியைக் கண்ட ஆடுபோல ஒவ்வொன்றுக்கும் முன்னால் தயங்கி, கிட்டப் போய், மேலே எழும்பிக் குதித்தாள். இடையில் ஒரு தடவை ஐந்து காலடி, ஒரு தடவை நான்கு. நான்கு வைத்தால் ஒவ்வொரு வேலிக்கும் முன் செல்லும் கால் மாறும். அது தெரியாமல் இடக்கால் எங்கே, வலக்கால் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். முழங்காலில் இரண்டு முறை அடி. "தாழ்வாகப் போ, தாழ்வாகப் போ" என்று ஆறு மாதம் கத்தினேன். வலயத்தில் மூன்று பேரில் இரண்டாவது. மாகாணத்தில் கடைசி.

மாகாணப் போட்டி அன்று ஓட்டம் முடிந்த பிறகு, கண்டியில் சட்டவேலி மட்டுமே பயிற்றுவிக்கும் ஒரு பெண்மணி எங்களிடம் வந்தார். சிங்களவர். கடைசியாக வந்த பிள்ளையிடம் எதற்கு வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மலரின் முழங்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு, எதை வைத்துப் பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகத்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது விழுமா?"

"விழாது மிஸ். நல்ல கனமான மரம்."

அவர் சிரிக்கவில்லை. போட்டிச் சட்டவேலி விழுவதற்காகவே செய்யப்படுவது என்று பொறுமையாக விளக்கினார். மேல் சட்டத்தில் 3.6 முதல் 4 கிலோ வரையான விசை பட்டால் அது முன்னுக்குச் சாய வேண்டும், விதியே அப்படித்தான். விழாத மரத்தில் ஒரு தடவை முழங்காலை இடித்துக்கொண்ட பிள்ளை, அதற்குப் பிறகு எவ்வளவு சொன்னாலும் ஒரு சாண் உயரக் குதிக்கத்தான் செய்யும். அதன் உடம்பு அதற்குச் சொல்லும் புத்தி அது. தாழ்வாகப் போ என்று யார் கத்தினாலும் அந்தப் புத்தியை வெல்ல முடியாது.

தேயிலைச் செடியில் கவ்வாத்துப் பிழைத்தால் அன்றைக்குத் தெரியாது. மாதங்கள் கழித்துத் தளிர் வரும்போதுதான் தெரியும், தெரிந்த பிறகு அடுத்த கவ்வாத்து வரை மூன்று நான்கு வருடம் அந்தச் செடியோடு காலம் தள்ள வேண்டும். அதனால்தான் எவர் கையிலும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுக்க மாட்டார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மலர் என் தோள்மீது சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு என் அப்பாவின் கவ்வாத்துக் கத்தி ஞாபகமாகவே இருந்தது.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் கண்டிக்குப் போனோம். ஹட்டனில் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று மூன்று மணித்தியாலம். முதல் நாள் அந்தப் பயிற்றுவிப்பாளர் செய்தது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சட்டத்தையே கழற்றிவிட்டு, இரண்டு கம்பங்களுக்கு இடையில் ஒரு ரப்பர் பட்டியை முழங்கால் உயரத்துக்குக் கட்டினார். 8.5 மீற்றர் இடைவெளியை 7 ஆக்கினார். நான் பிள்ளையை விதிக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் விதியைப் பிள்ளைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். ரப்பர் பட்டிக்கு இரண்டு மீற்றர் முன்னால் தன் செருப்பு ஒன்றைக் கழற்றி வைத்து, இதற்கு அப்பால் காலை ஊன்றாமல் எழும்ப வேண்டும் என்றார். மலர் அதுவரை ஒரு மீற்றரை ஒட்டிப் போய்த்தான் எழும்பிக்கொண்டிருந்தாள். கிட்டப் போனால் மேலேதான் போக முடியும், எட்டி எழும்பினால் முன்னே போகலாம். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவைச் சொல்ல ஒருவர் இருபது வருடம் சட்டவேலியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் பாதி மலருக்கு விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், எங்கள் பிள்ளைகள் சிங்களத்தில் பேசுகிறவர்கள் முன்னால் அப்படித்தான் ஆட்டுவார்கள். இடையில் மூன்று காலடி, நான்காவது வேலிக்கு மேல், அந்தத் தாளம் மாறக்கூடாது என்று கைதட்டிக் காட்டினார். மலர் மறுபடியும் ஐந்து வைத்தாள். மறுபடியும் கைதட்டல், மறுபடியும் ஐந்து. மூன்றாவது தடவை நான் குறுக்கிட்டேன். அவளுடைய மாமா காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர். மாசி மாதம் முழுக்க அவர்கள் லயத்து வீடுகளில் அதே சத்தம்தான். "மாமா அடிக்கிற மாதிரி, ட-ட-ட-டங்" என்றேன். அவள் ஒரு கணம் நின்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஓடினாள். ட-ட-ட, ரப்பர் பட்டிக்கு மேல் டங். பயிற்றுவிப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். விளக்க எனக்குச் சிங்களம் போதவில்லை. தரையில் தட்டிக் காட்டினேன்.

அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே கௌரவம் அது.

ஆகவே ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சிறப்புப் பயிற்றுவிப்பாளர் வேண்டும், எங்களைப் போன்ற சகலகலா வல்லவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன். அடுத்த வருடம் இன்னொரு பையனுக்கு நடந்தது நடக்காமல் இருந்திருந்தால்.

பதினைந்து வயது. வேகப்பந்து வீசுவான். உறவினர் ஒருவர் பணம் கட்டி, நகரத்தில் ஒரு தனியார் கிரிக்கெட் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டார். அங்கே வேகப்பந்துக்கென்றே ஒருவர் இருந்தார். குறை சொல்ல முடியாது, பையனின் ஓடிவரும் தூரத்தையும் முன்கையையும் அழகாகத் திருத்திவிட்டார். இரண்டு மாதத்தில் பந்து முகத்துக்கு நேரே எழும்பத் தொடங்கியது. சனிக்கிழமை அவரிடம் வீசினான். செவ்வாயும் வியாழனும் என்னிடம் வீசினான். ஞாயிறு முழுக்கத் தோட்டங்களுக்கிடையிலான மென்பந்துப் போட்டியில் வீசினான். அங்கே வேகமாக வீசுகிறவனை யாரும் ஓய்வெடுக்க விடுவதில்லை. அந்த வாரங்களில் அவன் அப்பா வேலைக்குக் கொழும்பு போயிருந்தார், விறகுக்கட்டும் இவன் தலையில். இடுப்புக்கு மேலே இடப்பக்கம் வலிக்கிறது என்று ஒருநாள் கையை வைத்துக் காட்டினான். விறகு தூக்கியதால் இருக்கும் என்றேன். பயிற்சி நிலையத்தில், பாடசாலையில் பிழையாக வீசியிருப்பாய் என்றார்களாம். கடைசியில் கண்டியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, கீழ் முதுகெலும்பில் அழுத்த வெடிப்பு என்றார். வளரும் வயதில் வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு வரும் காயங்களில் இதைப்போலத் தெரிந்த ஒன்று வேறில்லை. வலக்கையால் வீசினால் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் வரும். இதற்காகவே இங்கிலாந்து கிரிக்கெட் சபை வயதுவாரியாக ஓவர் கணக்கு வகுத்தது. பதினான்கு பதினைந்து வயதுக்காரருக்கு ஒரே மூச்சில் ஆறு, நாள் முழுவதும் பன்னிரண்டு என்று நீண்ட காலம் வைத்திருந்தார்கள்.

அந்த ஞாயிறுகளில் அவன் எத்தனை ஓவர் வீசினான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயிற்சி நிலையத்துக்காரர் தன் வலையில் விழுந்த பந்துகளை ஒழுங்காக எண்ணியிருக்கிறார். நானும் எண்ணினேன். இரண்டு கணக்கையும் கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. கூட்டியிருக்க வேண்டியவன் நான்தான். வாரத்தில் ஐந்து நாள் அவனைப் பார்த்தவன், அவன் வீட்டைத் தெரிந்தவன், விறகுக்கட்டைக் கண்ணால் கண்டவன்.

நான் வளர்ந்த மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மருந்துக்காரர் இருந்தார். டாக்டர் அல்ல, எல்லோரும் மருந்துக்கார ஐயா என்போம். காய்ச்சலுக்கும் அவர்தான், குளவிக் கொட்டுக்கும் அவர்தான், பிள்ளைப்பேற்றுக்கும் அவர்தான். போத்தலில் இரண்டே நிறத்தில் மருந்து. அதைப் பற்றித் தோட்டத்தில் கேலிப் பாட்டே உண்டு. ஒருநாள் அம்மா வயிற்று வலி என்று சுருண்டுகொண்டார். நான் கூடப் போயிருந்தேன். ஐயா அம்மாவின் வயிற்றில் அங்கங்கே அழுத்தினார். வலப்பக்கம் கீழே ஒருமுறை அழுத்தி, சடாரென்று கையை எடுத்தார். அம்மா கத்தியது அழுத்தும்போது அல்ல, எடுக்கும்போது. வேறொன்றும் கேட்கவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதினார், கொழுந்து லொறியை நிறுத்தி ஏற்றிவிட்டார். குடல்வால் அழற்சி. அன்று இரவே அறுவை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே தன் வேலை முடிகிறது என்ற இரண்டும் அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தன. அறுக்கத் தெரியாததைப் பற்றி அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

விளையாட்டில் அந்தத் துண்டை எழுதும் பழக்கம் எங்களுக்கு இல்லை. எழுதினால் பிள்ளை போய்விடும் என்று பயம். பிள்ளை போனால் பதக்கமும் போகும், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வரும் பிரமுகர் முன்னால் அதிபருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

முத்தையா முரளிதரனைப் பற்றிப் பேசாமல் மலையகத்தில் விளையாட்டைப் பற்றி எழுத முடியாது. தேயிலைத் தோட்ட வேலைக்கென இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன். எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் 800 என்று சொன்னால் போதும், அவர் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் என்று எல்லோருக்கும் தெரியும், என்ன 800 என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவர் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பதினான்கு வயதுவரை மிதவேகப் பந்துவீச்சாளராக இருந்தவர். சுழற்பந்துக்கு மாறு என்று சொன்னவர் அவரது பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்த இடத்தை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மிதவேகத்தை மட்டுமே கரைத்துக் குடித்த ஒருவரிடம் அந்தப் பையன் அகப்பட்டிருந்தால், அவர் அவனை மேலும் நல்ல மிதவேகப் பந்துவீச்சாளராக ஆக்கியிருப்பார், அத்தோடு கதை முடிந்திருக்கும் என்பது என் ஊகம். இவன் இங்கே நிற்க வேண்டியவன் அல்ல, அங்கே நிற்க வேண்டியவன் என்று பார்க்கும் கண் வேறு.

அதே முரளியின் கதையில் மறுபாதியும் இருக்கிறது. 1995 இல் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார் அவர் பந்தை வீசவில்லை, முழங்கையை மடக்கி நீட்டி எறிகிறார் என்று மூன்று ஓவருக்குள் ஏழு முறை நோ போல் கொடுத்துக் கை நீட்டினார். பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எறியவில்லை என்று காட்ட, கமராக்களை நாலாபுறமும் நிறுத்திக் கோணம் அளக்கும் உயிர்ப்பொறியியல் ஆய்வாளர்கள் தேவைப்பட்டார்கள். பின்னாளில் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் பொதுவாக, முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற எல்லை வந்தது. அந்த வேலையைப் பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் எவராலும் செய்திருக்க முடியாது. பதினான்கு வயதில் ஒரு கண் வேண்டியிருந்தது, இருபத்துமூன்றில் வேறொன்று.

இப்படி யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் அந்தப் பழைய மாணவனுக்குப் பிடிக்குமா தெரியவில்லை. பயிற்றுவிப்பாளர்கள் சிறப்புத் தேர்ச்சி பெறத்தான் வேண்டும். ஆனால் எந்த விளையாட்டில் என்பதற்கு முன்னால் எந்த வயதில் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஓடவும் விழவும் எறியவும் பிடிக்கவும் சொல்லிக்கொடுப்பது ஒரு தனித் தொழில். அதற்குத் தேவைப்படும் கண்ணும் பொறுமையும், பதினெட்டு வயதுக்காரரின் நேரத்தில் ஒரு விநாடியின் பத்தில் ஒன்றைக் குறைப்பவரிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. மறுதலையும் அப்படியே. எங்களிடம் நடப்பதோ தலைகீழ். புதிதாக நியமனம் பெற்று வந்த, மைதானத்தில் காலே வைக்காத இளம் ஆசிரியரிடம் ஆறாம் தரத்தைக் கொடுப்பார்கள். கொஞ்சம் பெயரெடுத்தவர் பதக்கம் வாங்கும் வயதுப் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்வார். அடித்தளத்துக்குக் கையாள், கூரைக்கு மேஸ்திரி.

ஆறாம் தரத்தில் எவ்வளவு கிடக்கிறது என்பது எனக்கே பிந்தித்தான் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் ஓடும்போது கையை வீசுவதில்லை. ஏன் என்று ஒரு வருடம் புரியவில்லை. பிறகு ஒருநாள் மழையில், மலைப்பாதையில் பாடசாலைக்கு இறங்கி வரும் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கையில் குடை, மறுகை புத்தகப்பை வாரைப் பிடித்திருக்கிறது, சறுக்காமல் இருக்கக் குதிகாலை ஊன்றிக் குட்டிக் குட்டி அடி. ஐந்து வயதிலிருந்து தினமும் இரண்டு கிலோமீற்றர் இதே பயிற்சி. நாங்கள் மாலையில் அரை மணித்தியாலம் கொடுப்பது எந்த மூலைக்கு?

இந்த இடத்தில், பரிசளிப்பு விழாக்களில் தவறாமல் கேட்கும் ஒரு வசனத்தையும் தீர்த்துவிடலாம். மலையகப் பிள்ளைகள் உயரத்தில் வாழ்வதால் நெடுந்தூரம் ஓடப் பிறந்தவர்கள் என்பார்கள். நுவரெலியா 1868 மீற்றர். எங்கள் ஹட்டன் பக்கம் அதிலும் கீழே. உயரப் பயிற்சி முகாம்களைப் பொதுவாக 2000 மீற்றருக்கு மேலேதான் வைக்கிறார்கள். போதாக்குறைக்கு, மெல்லிய காற்று உடனடியாக உதவுவது குறுந்தூர ஓட்டக்காரருக்குத்தான், எதிர்க்கும் காற்று குறைவு. நம் நாட்டு யுபுன் அபேகோன் 2022 இல் 100 மீற்றரை 9.96 விநாடியில் ஓடித் தெற்காசியாவில் முதன்முதலாகப் பத்து விநாடிக்குள் போனது, சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய 1000 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஒரு சிறு நகரத்தில். அவரும் அந்த இடத்துக்குப் போக இத்தாலியில் போய்ப் பயிற்சி பெற வேண்டியிருந்தது. பூகோளத்தை வைத்துப் பேசுவதென்றால் நாங்கள் 100 மீற்றர் வீரர்களைத்தான் உருவாக்க வேண்டும். அதற்கு நேராக 100 மீற்றர் தரை வேண்டும், எங்களிடம் இருப்பது 62. வளைவில் ஓடுவதைப் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்ப்பதே வலயப் போட்டியன்றுதான்.

நானூறு பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு எட்டுப் பயிற்றுவிப்பாளர்கள் வரப் போவதில்லை. விஞ்ஞானத்துக்கே ஆள் இல்லை. ஆகவே பக்கத்துப் பாடசாலைகள் மூன்றோடு பேசி ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒவ்வொருவரும் ஒன்றை மட்டும் ஆழமாகப் படிப்பது. சனிக்கிழமை பிள்ளைகளை மாற்றிக்கொள்வது. கரப்பந்தாட்டம் என் பொறுப்பு, எறிதல் நிகழ்ச்சிகள் இன்னொருவர், பாய்தல் ஓர் ஆசிரியை. பாய்தல் ஆசிரியை மூன்று மாதத்தில் என் பத்து வருடத்தைத் தாண்டிவிட்டார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பிறகு வழமையான கதை. ஓர் அதிபருக்கு, நம் பிள்ளையை அவர்கள் தங்கள் பாடசாலைக்கு இழுத்துக்கொள்வார்கள் என்று சந்தேகம் வந்தது. அது முழுவதும் வீண் சந்தேகமும் அல்ல. எறிதல் ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது. பஸ் கட்டணம் ஏறியது. இப்போது இரண்டு பாடசாலைகள் மட்டும் விடாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன். எந்தப் பிள்ளையை வெளியில் யாரிடம் அனுப்பினாலும் ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வாரத்தில் எத்தனை நாள் என்ன விளையாடுகிறான், வீட்டில் என்ன வேலை, காலையில் சாப்பிட்டு வருகிறானா, எங்கே வலிக்கிறது என்று சொன்னான், எந்த மொழியில் சொன்னால் விளங்கும். அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. முதுகு வெடித்த பையனுக்குத்தான் முதல் துண்டை எழுதினேன், எட்டு மாதம் கழித்து அவன் மறுபடி பந்தைக் கையில் எடுத்தபோது. பயிற்சி நிலையத்துக்காரர் அதைப் படித்துவிட்டு அன்று மாலையே எனக்கு அழைப்பு எடுத்தார். அதற்கு முன் ஒன்றரை வருடம் நாங்கள் இருவரும் ஒரே பையனைப் பயிற்றுவித்துக்கொண்டு ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை.

மலர் மறுவருடம் மாகாணத்தில் மூன்றாவதாக வந்தாள். அதற்கு மேல் போகவில்லை. சாதாரண தரப் பரீட்சை வந்தது, வீட்டில் வேண்டாம் என்றார்கள், நானும் வற்புறுத்தவில்லை.

டர்பன்டைன் மரச் சட்டவேலிகள் நான்கில் இரண்டை ஆசாரியிடமே திருப்பிக் கொடுத்தேன். பாடசாலைத் தோட்டத்துக்குக் கதவு அடித்துத் தந்தார். இப்போது பயிற்சிக்கு வைப்பவை பிவிசி குழாயில் நானே செய்தவை. மேல் குழாயை இரண்டு கொக்கியில் சும்மா வைத்திருக்கிறேன், தொட்டால் விழும். போன வாரம் முதன்முறையாக ஆறாம் தரத்துக்காக எடுத்து நிறுத்தினேன், முழங்காலுக்குக் கீழே, நெருக்கமாக. முதலில் ஓடிய சின்னப் பயலின் கால் பட்டுக் குழாய் டங்கென்று விழுந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், அதற்குப் பிறகு வந்த முப்பது பேரும் அதைத் தட்டிவிடுவதற்காகவே ஓடினார்கள். எடுத்து வைத்து எடுத்து வைத்து இடுப்பு வலி கண்டதுதான் மிச்சம். நாளைக்கும் வைக்கச் சொல்லி இன்று காலையிலேயே இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.